என் முதுகைப் படித்தவர்

எங்கள் வீட்டில் ஸ்டவ் இருந்ததே இல்லை. மண் அடுப்பு ஒன்று, அதன் பக்கத்தில் காய்ந்த தென்னை மட்டை, கொஞ்சம் வைக்கோல். அவ்வளவுதான் சமையல்கட்டு. ஆனால் எனக்கு இருபது வயதானபோது, தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், என் கேஸ் ஷீட்டில் 'ஸ்டவ் வெடித்துத் தீக்காயம்' என்று எழுதியிருந்தது. அப்படிச் சொன்னது நான்தான். பொய் சொன்னேன். அந்தப் பொய்க்கு என் வலது கை போயிருக்க வேண்டும். போகாமல் காத்தது ஒரு அம்மாள். அவர் டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. காகிதம் அடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுத மாட்டேன். ஆட்களின் பெயரையும் எழுத மாட்டேன். பெயர் எழுதினால் யார் வீட்டு வாசலில் யார் போய் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் எட்டாவது படித்தவள். பிறகு சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்து ரிஜிஸ்டர் எழுதி எழுதிக் கை பழகியது. அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுத வரும்.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குப் பக்கம். அந்தப் பக்கத்து நிலம் முக்கால்வாசி ஒரே பண்ணைக்குச் சொந்தம். ஆட்சி மாறி, ஊரெல்லாம் இரண்டு நிறக் கொடி ஏறியிருந்த காலம். பண்ணைக்காரரும் அதே கொடியைத் தன் வீட்டு வாசலில் நட்டுக்கொண்டார். இத்தனை ஏக்கருக்கு மேல் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்தது. அவர் என்ன செய்தார்? வண்டிக்காரர் பெயரில் கொஞ்சம், சமையல்காரர் பெயரில் கொஞ்சம், செத்துப்போன ஒருவர் பெயரில் கொஞ்சம் என்று எழுதி வைத்தார். செத்தவருக்கு நிலம் இருந்தது. உயிரோடு சேற்றில் நின்ற எங்களுக்கு இல்லை.

எங்கள் தெருவில் சங்கம் இருந்தது. சங்கத்தார் வழக்குப் போட்டார்கள். பண்ணை பதிலுக்குத் தடையாணை வாங்கியது. வழக்கு முடியும்வரை எங்கள் தெரு ஆள் யாரும் அந்த வயலில் இறங்கி வேலை செய்யக் கூடாது. செய்தால் ஜெயில். அதைவிட மோசம், 'கோர்ட்டை மதிக்காதவர்கள்' என்று சொல்லி வழக்கே போய்விடும். ஒரு போகம் முழுக்க அந்த வயல் தரிசாகக் கிடந்தது. அடுத்த சம்பாவுக்குச் சங்கத்தில் கூடிப் பேசினார்கள். விடிந்ததும் இறங்குவோம், மதியத்துக்குள் நட்டு முடிப்போம், யார் நட்டது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நாற்பது பேர் இறங்கினோம். நட்ட கை யாருடையது என்று நாற்று சொல்லாது.

நடவு நட்டவர்களுக்குத் தெரியும், ஒருத்தி நிமிர்ந்தால் வரிசை கெடும். அதனால் யாரும் நிமிர மாட்டோம். முகம் சேற்றைப் பார்க்கும், முதுகு வானத்தைப் பார்க்கும். நான் வாய்க்கால் ஓரம், வரிசையில் கடைசி. எனக்கு அடுத்து நட்டவள் என் ஓரகத்தி, என் மச்சாண்டார் பெண்சாதி. அவள் வாய்க்குத் தெருவே பயப்படும்.

ஆகாய விமானச் சத்தம் எங்களுக்குப் புதிதில்லை. ராணுவ விமானங்கள் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகும். அன்று சத்தம் கொஞ்சம் தாழக் கேட்டது. நான் இடுப்பை நிமிர்த்தப் பார்த்தேன்.

"எவடி அவ நிமிர்றவ? மேல என்ன உன் புருஷனா போறான்?" என்றாள் ஓரகத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சத்தம் மாறியது. தகரக் கொட்டகையை ஒரே இழுப்பில் கிழித்த மாதிரி. விமானம் வாய்க்கால் கரையில் விழுந்து உடைந்தது. அதிலிருந்து எண்ணெய் தீயாகச் சிதறி வந்தது. என் முதுகில் யாரோ கொதிக்கும் கஞ்சிப் பானையைக் கவிழ்த்ததாகத்தான் நினைத்தேன். வலது தோளில் கல்லால் அடித்த மாதிரி ஒன்று பட்டது.

மற்ற எல்லாரும் ஓடினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஓரகத்தி மட்டும் ஓடவில்லை. என்னைச் சேற்றில் தள்ளிப் புரட்டினாள். மாட்டைக் கழுவுவதுபோலச் சேற்றை அள்ளி அள்ளி முதுகில் அப்பினாள். திட்டிக்கொண்டே அப்பினாள். "சாவாதடி, சாவாதடி முண்ட, நீ செத்தா உன் ரெண்டு ஆட்டையும் எவ மேய்ப்பா?" என்றாள். அவளுக்கு நன்றி சொன்னால் இன்றைக்கும் காறித் துப்புவாள். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

விமானத்தை ஓட்டியவர் குடையில் இறங்கித் தென்னந்தோப்பில் விழுந்தார். அவருக்கு எங்கள் ஆட்கள் இளநீர் வெட்டிக் கொடுத்தார்களாம். ராணுவ அதிகாரிகள் ஜீப்பில் வந்து, "ஊர்ல யாருக்காவது அடிபட்டுச்சா?" என்று கேட்டார்களாம். அதற்குள் மற்ற எல்லாரும் வாய்க்காலில் கைகால் கழுவிக்கொண்டு, அப்போதுதான் தெருவிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். "யாருக்கும் ஒண்ணும் ஆவலைங்க" என்றார்களாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் அப்போது நெல் மூட்டை ஏற்றப் போன ஒரு லாரியில் தஞ்சாவூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன், வாழை இலை மேல் குப்புறப் படுத்து.

என் வீட்டுக்காரர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். ஊர் எல்லை தாண்டியதும் குனிந்து சொன்னார்.

"ஏ புள்ள, கேக்குதா? ஸ்டவ்வு வெடிச்சிடுச்சுன்னு சொல்லணும்."

"நம்மகிட்ட ஏதுய்யா ஸ்டவ்வு?"

"இன்னைக்கித்தான் வாங்கினம்னு வெச்சுக்க."

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. "நீ வயல்ல நின்னேன்னு சொன்னா நாப்பது பேரும் உள்ள போவணும். நெலமும் போயிடும்" என்றார். சரி என்றேன். எங்கள் நாற்பது பேரில் வெளியே தெரியக்கூடிய அடையாளம் என் முதுகு ஒன்றுதான்.

பொய் சொல்வதற்கு நான் கஷ்டப்படவே வேண்டியிருக்கவில்லை. கல்யாணமான சின்ன வயசுப் பெண், தீக்காயம், தலைமுடியெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. விமானத்துக்கு ஊற்றுவதும் ஏறக்குறைய மண்ணெண்ணெய்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். சேர்க்கும் இடத்தில் இருந்த டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஸ்டவ்வா?" என்றார். "ஆமாங்க" என்றேன். எழுதிவிட்டார். அந்த ஒரு சொல்லுக்கு மேல் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

கேட்டது போலீஸ்தான். பெண் வெந்தால் புருஷனைக் கேட்பார்கள். ஏட்டு ஒருவர் வந்து என் வீட்டுக்காரரை வராந்தாவில் நிறுத்தி, "நீதான கொளுத்துன?" என்று கன்னத்தில் அறைந்தார். ஜன்னல் வழியாகச் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மண்வெட்டி பிடித்த கை அவருக்கு. திருப்பிக் கொடுத்திருந்தால் ஏட்டு எழுந்திருக்க மாட்டார். நாற்பது பேருக்காக அறை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, "கஞ்சி குடிச்சியா?" என்று கேட்டார். நான் கோபக்காரி என்று ஊரில் சொல்வார்கள். என் கோபம் வாயில் இருக்கும். அவருடைய கோபம் எங்கே இருந்தது என்று கடைசிவரை எனக்குத் தெரியாது.

வார்டில் எல்லாருமே பெண்கள். எல்லாருக்குமே ஸ்டவ். பக்கத்துக் கட்டிலில் மயிலாடுதுறைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, என் வயதுதான். கழுத்தும் மார்பும் வெந்திருந்தன. கால்மாட்டில் அவள் மாமியார் ஒரு நிமிஷம்கூட நகராமல் உட்கார்ந்திருப்பாள். மாமியார் டீ வாங்கப் போன நேரத்தில் அவள் என்னிடம் மெல்லச் சொன்னாள், "அக்கா, இங்க எல்லா ஸ்டவ்வும் ஒரே கம்பெனி போலருக்கு."

நான் சிரித்தேன். சிரித்ததும் முதுகுத் தோல் வெடித்த மாதிரி வலித்தது. இப்போது நினைத்தால் சிரித்ததற்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு வாரம் போனது. முதுகில் புண் ஆற ஆரம்பித்தது. ஆனால் வலது கை வீங்கிக்கொண்டே வந்தது. காய்ச்சல் விடவில்லை. விரல்கள் மரத்துப் போயின. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்க்க முடியவில்லை. நடவு நடுகிறவளுக்கு அந்த இரண்டு விரல்தான் எல்லாம். நாற்று முடியிலிருந்து நாலைந்தைப் பிரித்து, விரலோடு சேற்றில் செருக வேண்டும். அந்த இரண்டு விரல் சேராவிட்டால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் நான் எதற்கு?

டாக்டர் வந்து பார்த்தார். இவர் சேர்த்தவர் இல்லை, வார்டுக்குப் பெரியவர். "புண்ணுல சீழ் வெச்சு உள்ள ஏறுது. இன்னும் ரெண்டு நாள் பாப்போம். கேக்கலேன்னா கைய எடுக்கணும்" என்று நர்சிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. கை என்னுடையது, தகவல் நர்சுக்கு. அவரையும் நான் முழுக்கத் திட்ட முடியாது. ஸ்டவ் வெடித்தவள் தோளுக்குள் அவர் எதைத் தேடுவார்?

தோளில் ஏதோ பட்டது எனக்குத் தெரியும். சொன்னால் எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள் மதியம் அந்த அம்மாள் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைத் துப்பட்டியைத் தலையைச் சுற்றிப் போர்த்தியிருந்தார். மூக்குக் கண்ணாடி. நாகூர்ப் பக்கம் பிறந்து அய்யம்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட முஸ்லிம் அம்மாள். தினமும் பஸ்ஸில் தஞ்சாவூர் வந்து போகிறவர். வீட்டுக்குப் போனவர்கள், செத்தவர்கள், இவர்களுடைய காகிதங்களை வாங்கிப் போக வார்டுக்கு வருவார். அந்தக் காகிதங்களைப் பார்த்து, ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தில் தேடி, என்ன நோய், என்ன காயம், எதனால் வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போடுவது அவர் வேலை. அந்த எண்கள் எல்லாம் மெட்ராசுக்குப் போகும் என்றார்கள்.

அன்று காகிதத்தை வாங்கிக்கொண்டு போனவர் என் கட்டில் பக்கம் நின்றார். என்னைப் பார்த்தார். வரிசையாக மற்றக் கட்டில்களைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீ மட்டும் ஏம்மா குப்புறப் படுத்துருக்கே?"

அதுவரைக்கும் எனக்கே அது தோன்றவில்லை. அந்த வார்டில் எல்லாரும் மல்லாந்து படுத்திருந்தார்கள். எல்லாருக்கும் முன்பக்கம் வெந்திருந்தது. எனக்கு மட்டும் முதுகு.

"முதுகு வெந்துருக்குங்க."

"எதால?"

"ஸ்டவ்வுங்க."

அவர் என் காகிதத்தை எடுத்துப் படித்தார். பிறகு நர்சைக் கூப்பிட்டு, கட்டு மாற்றும்போது தானும் பார்க்கலாமா என்று கேட்டார். நர்சு, "பாருங்கக்கா, யாரு வேணாங்கறா" என்றாள். கட்டைப் பிரித்தார்கள். அந்த அம்மாள் தொடவில்லை. குனிந்து என்னைச் சுற்றி ஒரு முறை வந்து பார்த்தார். என் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். வீட்டுக்காரர் கஞ்சி வாங்கப் போயிருந்தார்.

"புள்ள, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. முதுகு வெந்துருக்கு. தொடையில பின்பக்கம் வெந்துருக்கு. முழங்காலுக்குக் கீழ ஒரு பொட்டு காயமில்ல. கையில மணிக்கட்டுக்குக் கீழ காயமில்ல. நகத்துக்குள்ள இன்னும் சேறு இருக்கு. நான் தெனம் பஸ்ஸுல வர்றவ. ரெண்டு பக்கமும் வயலு. கையும் காலும் சேத்துக்குள்ள இருக்க, முதுகு மட்டும் மேல தெரியற வேலை எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான். உங்க வீட்டு அடுப்படியில நடவா நட்டீங்க?"

பக்கத்துக் கட்டில்காரி களுக்கென்று சிரித்தாள்.

"போன வாரம் நன்னிலம் பக்கம் விமானம் விழுந்துச்சாமே" என்றார் அந்த அம்மாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"எனக்குத் தெரியாதுங்க."

"கைய எடுக்கணும்னு பேசிக்கறாங்க. தெரியுமா?"

"தெரியுங்க."

"அதுக்கப்புறமும் ஸ்டவ்வா?"

எனக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கென்னங்க, கைநெறைய எழுதிட்டு பஸ்ஸேறிப் போயிருவீங்க. நான் வாயத் தொறந்தா எங்க தெருவே உள்ள போவணும். அந்த வயலு யாரு..."

அவர் சட்டென்று கையை உயர்த்தி என் வாய்க்கு நேரே காட்டினார். தொடவில்லை. நிறுத்து என்பது மாதிரி.

"அது வேணாம். நான் கேக்கல, நீ சொல்லாதே. என் புத்தகத்துல மூணு கேள்விதான். என்ன காயம், எதால, எந்த மாதிரி எடத்துல. எடம்னா வீடா, ரோடா, வயலா, அவ்வளவுதான். வயலுன்னு போட்டா போதும். யாரு வயலுன்னு எழுத அதுல எடமே கெடையாது."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்கிறவர் முகம் எனக்குத் தெரியும். நானே பத்து நாளாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தவள். அவர் பொய் சொல்லவில்லை.

"வரப்புல நடந்து போனவளுக்கும் வயலுதான், ஆடு மேய்ச்சவளுக்கும் வயலுதான், நட்டவளுக்கும் வயலுதான்" என்றார். "உடம்புல வேற என்னமாவது பட்டுச்சா?"

சொன்னேன். தோளில் கல் மாதிரி பட்டதைச் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். வெந்தபோதும் நான் அப்படி அழவில்லை.

அவர் எழுந்து போனார். அரை மணி நேரத்தில் அந்தத் தடித்த புத்தகத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார், பின்னால் வார்டு டாக்டர். டாக்டருக்கு ஒரே கோபம். காகிதப் பிரிவுக்காரி வந்து தன்னைக் கூப்பிடுவதா என்ற கோபம். ஆனால் வந்தார். அதற்காக அவருக்கும் நன்றி.

"ஸ்டவ்வுன்னு காரணம் போட்டிருக்கு சார். காயத்தோட பொருந்தல. என்னால நம்பர் போட முடியல" என்றார் அந்த அம்மாள். கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை. கணக்கு வாத்தியார் தப்பைக் காட்டுவதுபோல என் கையையும் காலையும் காட்டினார். டாக்டர் குனிந்து பார்த்தார். பிறகு என் தோளை அழுத்தினார். நான் போட்ட சத்தம் வராந்தாவரைக்கும் கேட்டிருக்கும்.

"வாயில்லையா உனக்கு? இத மொத நாளே சொல்றதுக்கென்ன?" என்று கத்தினார்.

"மொத நாளு யாரும் கேக்கலீங்க" என்றேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். தோளுக்குள் எலும்பை ஒட்டி ஒரு தகடு. மறுநாள் காலை அறுத்து எடுத்தார்கள். சுண்டுவிரல் நீளம், நெளிந்து கறுத்திருந்தது. மயக்கம் தெளிந்ததும் அதைக் கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், ராணுவத்திலிருந்து ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப் போய்விட்டாராம். அது அரசாங்கச் சொத்தாம். பத்து நாள் என் தோளில் இருந்தபோது அரசாங்கத்துக்கு அது ஞாபகம் வரவில்லை. ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அந்த ராணுவத்தார் மறுநாளும் வந்தார், தங்கள் டாக்டரோடு. தீக்காயத்துக்கு நல்ல களிம்பும் மெல்லிய கட்டுத்துணியும் கொண்டுவந்து வார்டில் கொடுத்தார்கள். நர்சு அதை எனக்கு மட்டும் போடாமல் மயிலாடுதுறைக்காரிக்கும் போட்டாள். யாரிடமும் கேட்கவில்லை, போட்டாள். அவளுக்கும் என் கும்பிடு.

எனக்கு எண் போட்ட அன்று அந்த அம்மாள் புத்தகத்தோடு வந்தார். எனக்குப் பார்க்க வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன். புத்தகத்தில் விமானத்துக்கு இரண்டு இடம் இருந்தது. ஒன்று யுத்தத்தில் விமானம் அழிந்து அதனால் ஜனங்களுக்குப் பட்ட காயம். இன்னொன்று விபத்தில் பட்டது.

"விமானம் ராணுவத்தோடது. ஆனா யுத்தமில்லியே. அதனால விபத்துல போடறேன்" என்றார்.

"எங்க ஊர்ல யுத்தந்தாங்க" என்றேன். "ஆனா அது கீழ நடக்குது."

அவர் சிரித்தார். பிறகு அந்த வரியை விரல் வைத்துத் தமிழில் சொன்னார். விமானத்துக்குச் சம்பந்தமில்லாமல் தரையில் இருந்த ஆள், மேலிருந்து விமானம் விழுந்ததால் காயம். இடம், வயல்.

இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். எங்கேயோ வெளிநாட்டில் உட்கார்ந்து யாரோ எழுதிய புத்தகம். அதில் எனக்கு ஒரு வரி இருந்தது. சேற்றில் குனிந்து நின்ற ஒருத்தி மேல் விமானம் விழலாம் என்று எவனோ ஒருவன் முன்கூட்டியே நினைத்து எண் போட்டு வைத்திருந்தான். எங்கள் தாலுகா ஆபீசில் என் பெயருக்கு ஒரு வரி இல்லை. செத்தவருக்கு இருந்தது. எனக்கு இல்லை.

மயிலாடுதுறைக்காரியிடமும் அந்த அம்மாள் கேட்டார். மூன்று தரம், மூன்றும் மாமியார் இல்லாத நேரம். "உனக்கும் இதுல எடமிருக்கும்மா. சொன்னா எழுதறேன்" என்றார். மூன்று தரமும் அவள் கதவைப் பார்த்துவிட்டு, "ஸ்டவ்தாங்க" என்றாள். ஆறுவதற்கு முன்னாலேயே அவர்கள் வீட்டில் கூட்டிப் போய்விட்டார்கள். போகும்போது என்னைப் பார்த்து, "வரேங்க்கா" என்றாள். வரவில்லை. அந்த வார்டை நினைத்தால் எனக்கு இன்னும் அடங்காத கோபம் இது ஒன்றுதான்.

செய்தி ஊருக்குப் போய்விட்டது. வீட்டுக்குப் போவதற்கு முதல் நாள் சங்கத் தலைவர் வந்தார். எனக்குச் சித்தப்பா முறை. கட்டிலுக்கு எட்டி நின்றார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டியாமே."

"வெமானம் விழுந்துச்சுன்னு சொன்னேன் சித்தப்பா."

"அப்ப நாங்கள்லாம் உள்ள போவ வேண்டியதுதான். ஒன் கை முக்கியம், எங்க நெலம் முக்கியமில்ல."

என் வீட்டுக்காரர் எழுந்தார். அத்தனை நாளில் முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. "அவ கையில்லாம யாருய்யா அந்த நெலத்துல நடுவா? நீ நடுவியா?" என்றார்.

தலைவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பயம் போகவில்லை. அந்த அம்மாள் சொன்னதை நான் நம்பினேன். ஆனால் போலீசு நம்பணுமே.

பதினைந்து நாள் கழித்துக் கட்டு மாற்றத் தஞ்சாவூர் போனேன். அந்த அம்மாளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காகிதப் பிரிவுக்குப் போனேன். கூரைவரை காகிதக் கட்டு. நடுவில் மேஜை. அவர் என்னை ஒரு அலமாரிப் பக்கம் உட்காரவைத்து டீ வரவழைத்தார். டீ வருவதற்குள் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார், கூடவே பண்ணையின் காரியக்காரர். காரியக்காரருக்கு என் முகம் தெரியும், ஆனால் காகிதக் கட்டுக்குப் பின்னால் நான் இருந்தது தெரியவில்லை. எனக்கு உடம்பு வேர்த்துவிட்டது. கட்டுக்குள் வேர்வை இறங்கி எரிந்தது.

என் காகிதத்தைக் கேட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் எழுத்தில் கேட்டுக் கொண்டுவந்திருந்தார். அந்த அம்மாள் அதைப் படித்து, தேடி எடுத்துக் கொடுத்தார்.

"வயல்னு போட்டிருக்கு. எந்த வயல்?"

"அது தெரியாது சார்."

"எந்த ஊர், யார் நிலம், எதுவுமே எழுதலையே."

"அதுக்குக் கட்டம் இல்ல சார்." புத்தகத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். "உலகம் பூரா இப்படித்தான்."

காரியக்காரர் முன்னால் வந்தார். "அவ உங்ககிட்ட வாயால சொல்லியிருப்பாளே அம்மா. எங்க வயல்லதான் நின்னா. தடையாணை இருக்கு. கூட யாரார் நின்னாங்கன்னு சொல்லியிருப்பாளே."

"நான் கேக்கலீங்க" என்றார் அந்த அம்மாள். "அவளும் சொல்லல."

இரண்டும் உண்மை. அன்று அவர் ஏன் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்றைக்காவது இப்படி ஒருவர் வந்து கேட்பார், அப்போது தனக்குப் பொய் சொல்ல வேண்டி வரக் கூடாது என்று அவர் அன்றைக்கே நினைத்திருக்கிறார். வரப்பில் நடந்து போகிறவர்களுக்குத் தடையாணை இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் காகிதத்தை மூடிவிட்டு, "இத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுய்யா" என்று காரியக்காரரிடம் சொன்னார். போய்விட்டார்கள்.

டீ ஆறிப்போயிருந்தது. அவர் என் பக்கம் திரும்பி, "கையத் தூக்கு பாப்போம்" என்றார்.

தூக்கினேன். காது மட்டம் வரை வந்தது.

"வெரல சேரு."

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நடுங்கி நடுங்கிச் சேர்ந்தன. அவர் மேஜையிலிருந்து ஒரு நூல் துண்டை எடுத்து நீட்டினார், காகிதம் கட்டுகிற நூல். அதை நான் விரல்களால் வாங்கிக்கொண்டேன். "போதும், போ. பஸ்ஸ விட்ராதே" என்றார். நான் காலில் விழப் போனேன். "சீ, எந்திரி, மனுசங்க கால்ல விழாதே" என்று அதட்டினார். அதுதான் அவர் என்னைத் திட்டிய ஒரே தரம்.

யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. வழக்கு பல வருஷம் இழுத்து, கேட்டதில் பாதி நிலம் கிடைத்தது. மீதிப் பாதி இன்றைக்கும் செத்தவர் பெயரில்தான் இருக்கிறது. சித்தப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தெருவுக்கு வந்த பங்கில் வாய்க்கால் ஓரத்து வயலை எங்கள் வீட்டுக்கு விட்டுக் கொடுத்தார். அவருக்கு அப்படித்தான் கேட்கத் தெரியும்.

அந்த வயலில் முதல் சம்பாவுக்கு நான் நடவில் இறங்கினேன். பக்கத்தில் ஓரகத்தி. என் கை பழைய வேகத்துக்கு வரவில்லை. வரிசையில் பிந்தினேன், அவள் தன் வரிசையை மெதுவாக்கிக்கொண்டாள். மேலே விமானச் சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்தேன். இடுப்பில் கை வைத்து நின்று, அது மறைகிறவரை பார்த்தேன்.

"எவடி அவ நிமிர்றவ?" என்றாள் ஓரகத்தி.

"நான்தான்டி" என்றேன். "போனப்புறம் நடறேன்."

அவளும் நிமிர்ந்தாள். வரிசை முழுக்க ஒவ்வொருத்தியாக நிமிர்ந்து பார்த்தார்கள். அது போனபிறகு குனிந்து நட்டோம்.